நாற்பத்தாறு

1

சில வருஷங்களுக்கு முன், வேலை மாற்றலாகிப் போயிருந்த ஒரு சிற்றூரில், அப்போது எட்டு மாதமாகியிருந்த என் பெண்ணுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் நானும் என் மனைவியும் குழந்தையைத் துணை சுகாதார நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. துணை நிலையத்தில் இருப்பவர் நர்ஸ் ஒருவர்தான். சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு.

நர்ஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் மனைவியிடம் கேட்டார். பால் குடிக்கிறதா? குடித்ததெல்லாம் வாந்தியாகப் போய்விடுகிறதா? வலிப்பு வந்ததா? குழந்தை அழுதுகொண்டிருந்தது. அழுகை அடங்குகிறவரை காத்திருந்தார். பிறகு, மடியில் இருந்தபடியே சட்டையை மார்புக்கு மேல் சுருட்டிவிட்டு, கைக்கடிகாரத்தை வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தலையைத் திருப்பாமல் இடது கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார். முழுதாக ஒரு நிமிடம் போயிற்று.

'46' என்றார். 'நிமோனியாக் கணக்குல வரல. இந்த வயசுக்கு 50 வந்தாத்தான் அது. சளி இருமல்தான். பால நல்லாக் குடுங்க. கதகதப்பா வச்சுக்குங்க.' ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். வாசல்படி இறங்கிவிட்டோம். பின்னாலிருந்து என் மனைவியைக் கூப்பிட்டார்.

'பாப்பாம்மா, நாளைக்குக் காலையில ஒரு தடவ கொண்டாந்துருங்க. இன்னொரு தரம் எண்ணிப் பாத்துரலாம்.'

'சரியாத்தானே இருக்குன்னீங்க?' என்றேன் நான்.

'சரியாத்தான் சார் இருக்கு.'

'அப்புறம் எதுக்கு?'

அவர் குழந்தையைப் பார்த்தார். 'சொல்லத் தெரியல சார். கொண்டாந்துருங்க' என்றார்.

மறுநாள் நாங்கள் போகவில்லை. காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாள் அது. காலையில் சீக்கிரமே ஆபீசில் இருக்க வேண்டும். என் மனைவி குழந்தைக்குத் தலையைத் துடைத்து, துணி சுற்றித் தயாராக வைத்திருந்தாள். '46தானே, 50க்குக் கீழேதானே, அவங்களே சொன்னாங்களே' என்று அவளை நிறுத்தியவன் நான். மத்தியானம் குழந்தை பாலை மறுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு என் மனைவி ஓடினாள். அப்போது எண்ணிக்கை 62. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கிற்று. முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுத்து, சீட்டு எழுதி, வண்டி ஏற்பாடு செய்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் நர்ஸ். இரண்டு நாள் ஆக்ஸிஜன். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பெண் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான். நல்லபடியாக முடிந்துபோன ஒன்றைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து எழுதக் காரணம் குற்றவுணர்வு மட்டுமல்ல. அந்த 46 என்ற எண்ணை இரண்டு பேர் கையில் எடுத்தோம். எண் ஒன்றே. அதைக்கொண்டு நர்ஸ் செய்த காரியமும் நான் செய்த காரியமும் நேர் எதிரானவை. இந்த வித்தியாசத்தை எனக்கு நானே விளக்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

2

முதலில் அந்த 50 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

பாப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் கொரோகா என்று ஓர் ஊர். குழந்தைகள் நிமோனியாவில் நிறையச் செத்துக்கொண்டிருந்த இடம். ஊருக்கு ஊர் எக்ஸ்ரே கிடையாது. ஸ்டெதாஸ்கோப்பின் ஒலியைப் பிரித்தறியப் பழகிய காதும் எல்லா இடத்திலும் கிடையாது. ஃப்ராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது: கண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இருமும் குழந்தைகளில் எவற்றுக்கு மருந்து வேண்டும், எவற்றை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? 1984இல் அவர்கள் வெளியிட்ட பதில், மூச்சை எண்ணுவது. மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்று பார்ப்பது. 1988இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வு வெளிவந்தது. குழந்தையின் வயதுக்குத் தக்கபடி அளவு மாற வேண்டும் என்பதற்கு ஆதாரமாக நின்றவற்றுள் அதுவும் ஒன்று. 1990களின் நடுவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வகுத்த முறையில் இது ஓர் அட்டவணையாயிற்று. இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு 60; இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50; ஒரு வயதிலிருந்து ஐந்து வரை 40. அந்த எண்ணை எட்டினால் வேகமான மூச்சு. இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறக் கட்டங்கள்: உடனே அனுப்பு, இங்கேயே மருந்து கொடு, வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல். இந்தியா இதில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத சிசுவையும் சேர்த்துக்கொண்டு தனக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டது.

49க்கும் 50க்கும் நடுவில் இயற்கையில் எந்தக் கோடும் இல்லை. 49 மூச்சு விடும் குழந்தை ஆரோக்கியத்தின் கடைசிப் படியிலும் 50 விடும் குழந்தை நோயின் முதல் படியிலும் நிற்பதில்லை. கோட்டைப் போட்டவர்கள் மனிதர்கள். போடும்போதே அவர்களுக்குத் தெரியும், எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் பிழை விழும் என்று. கோட்டை மேலே தூக்கினால் நிமோனியா உள்ள சில குழந்தைகள் தப்பிப்போகும். தப்பியது செத்துப்போகலாம். கீழே இறக்கினால், வைரஸ் சளியும் இழுப்பும் மட்டுமே உள்ள எத்தனையோ குழந்தைகளுக்கு வேண்டாத ஆன்டிபயாடிக் போகும். இன்றைக்குத் தேவையில்லாமல் கொடுத்த மருந்து நாளைக்கு வேறொரு குழந்தைக்குப் பலிக்காமல் போகலாம். எந்தப் பிழையை நாம் தாங்கிக்கொள்வோம், அதன் பாரம் யார் தலையில் விழும் என்று ஒரு தீர்மானம் எடுத்த பிறகே கோடு விழுகிறது. ஆக அந்த 50 வெறும் அளவை அல்ல. அதற்குள் ஓர் அறத் தீர்மானம் இருக்கிறது. பிழை விழுவதென்றால் வீண் மருந்தின் பக்கம் விழட்டும், சாவின் பக்கம் வேண்டாம் என்பது அதன் சாரம்.

விதி என்றால் யோசனையை நிறுத்திக்கொள்வது என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் இருந்தது. ஆனால் இந்த விதி முன்பே யாரோ பட்டு யோசித்ததன் மிச்சம். துணை நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு நர்ஸின் கைக்கு, கொரோகாவிலும் வேலூரிலும் பிழைத்த குழந்தைகளின் மூச்சும் பிழைக்காதவற்றின் மூச்சும் ஒரு எண்ணாக வந்து சேர்ந்திருக்கிறது. அது நிலையானதும் அல்ல. மார்பு உள்வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று முதலில் இருந்தது. வேறு அபாயக் குறி இல்லாத குழந்தைக்கு வாய்வழி மருந்தே போதும் என்று 2014இல் உலக சுகாதார நிறுவனம் தன் கோட்டை நகர்த்திற்று. விதியை வகுத்தவர்களே அதைச் சாசுவதம் என்று எண்ணவில்லை.

3

இனி, விதி தன்னைத் தானே நடத்திக்கொள்ளுமா என்பது.

'சோர்ந்து கிடக்கிறதா' என்று ஒரு கேள்வி அந்த அட்டவணையில் இருக்கிறது. அது அபாயக் குறிகளில் ஒன்று. தூங்கும் குழந்தைக்கும் சோர்ந்து கிடக்கும் குழந்தைக்கும் என்ன வித்தியாசம்? அதைச் சொல்ல எந்த எண்ணும் இல்லை. தாயிடம்தான் கேட்க வேண்டும்: எப்போதும் இந்த நேரத்தில் தூங்குமா? இப்படித்தான் தூங்குமா? தோலைக் கிள்ளிவிட்டால் 'மிக மெதுவாக' மடிப்பு மறைகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் என்று கணக்கும் தருகிறது. ஆனால் இரண்டு விநாடி என்பது ஒரு இமைப்புக்கும் அடுத்த இமைப்புக்கும் நடுவே நடந்து முடிகிற சமாசாரம். மார்பு உள்வாங்குவதும் அப்படியே. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு லேசாக உள்வாங்குவது இயல்பு. கடுமையாக என்றால்தான் அபாயம். லேசு எது, கடுமை எது? ஒவ்வொரு படியிலும் விதி பந்தைத் திரும்பக் கண்ணின் பக்கம் தட்டிவிடுகிறது.

விதி தன்னை எப்படிப் பின்பற்ற வேண்டும் என்பதைத் தன்னுள்ளேயே அடக்கிவைத்திருக்க முடியாது என்பது 1953இல் வெளிவந்த விட்கென்ஸ்டைனின் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். வழிகாட்டிப் பலகை நிற்கிறது. எந்தத் திசையில் நடப்பது என்பது பலகையைப் படிக்கும் பழக்கத்தில் இருக்கிறது, மரக்கட்டையில் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு இது ஒரு தர்க்க விளையாட்டாகத் தெரிந்தது. சட்டையைச் சுருட்டிவிட்டுக் குழந்தையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களை நினைக்கும்போது அப்படித் தெரியவில்லை.

அட்டவணையில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு எண்ணிக்கை 60ஐத் தொட்டால், மறுபடி எண்ணு என்கிறது. சிசுவின் மூச்சு ஒழுங்கற்றது. சற்று நின்று, பிறகு வேகமெடுக்கும். முதல் எண் நிஜமா என்று சந்தேகப்பட வேண்டிய இடத்தை விதியே சுட்டிக்காட்டுகிறது. தன் எண்ணையே இன்னொரு முறை கேள்வி கேட்கச் சொல்லும் விதியை இயந்திரத்தனம் என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை.

செவிலி என்ற சொல்லை நாம் நர்ஸுக்குக் கொடுத்திருக்கிறோம். அகப்பாடல்களில் வரும் செவிலியை நமக்குத் தெரியும். தலைவியின் உடல் மாற்றத்தைக் கவனிக்கும் கண் அவளுடையது. பசலை படர்ந்திருப்பதையும் வளை நெகிழ்வதையும் கண்டுவிடுகிறாள். குறிகளை அவள் தவறாகக் காணவில்லை. காரணத்துக்குத் தாவும்போதுதான் தவறுகிறாள்: இது முருகன் அணங்கியது என்று வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறார்கள், நிஜமான காரணம் தோழிக்குத் தெரியும். குறி சரி, காரணம் பிழை. சுகாதார நிலைய அட்டவணை இந்த இடத்தில் தன் செவிலியைத் தடுத்து நிறுத்துகிறது. நோய் இன்னதென்று கண்டுபிடி என்று அது சொல்வதே இல்லை. இந்தக் குறிகள் உள்ள குழந்தையை இந்த வகையில் வை, இதைச் செய் என்கிறது. எந்தக் கிருமி, எந்த நுரையீரல் என்பது அப்புறம். காரணம் தெரிவதற்கு முன்பே நியாயமாகச் செயல்பட முடியும் என்ற துணிவு அதில் இருக்கிறது.

நோயின் முதலைத் தேடச் சொல்லும் குறளை மேடைக்கு மேடை சொல்கிறோம். அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி, மருத்துவம் நான்கு பேர்களாலானது என்று வள்ளுவர் கணக்கிடுவதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நோயாளி, தீர்ப்பவன், மருந்து. நாலாவதாக உழைச்செல்வான், அதாவது பக்கத்திலேயே இருந்து செய்கிறவன். பக்கத்தில் இருப்பதும் மருத்துவத்தின் கால் பங்கு என்று கணக்குப் பண்ணியிருக்கிறார். டாக்டர் 'தீர்மானிக்கிறார்', நர்ஸ் 'செய்கிறார்' என்று பேசிப் பேசி அந்தக் கால் பங்கில் நடக்கும் தீர்மானங்களுக்குப் பெயரே இல்லாமல் செய்துவிட்டோம்.

4

அப்படியானால், மறுநாள் கொண்டுவா என்று அவர் சொன்னது எதில் சேர்த்தி? அட்டவணைப்படி என் பெண் பச்சைக் கட்டம். ஐந்து நாளில் குறையவில்லையென்றால் வரச் சொல்ல வேண்டும். மூச்சு வேகமானாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே வரச் சொல்ல வேண்டும். 'நாளைக் காலை' என்பது அதில் இல்லை. சொல்லத் தெரியாத ஏதோ ஒன்றின்பேரில் அவர் சேர்த்தது அது.

உள்ளுணர்வு என்று சொல்லி இந்த இடத்தில் கொடி ஏற்றிவிட நம் வட்டாரத்தில் பலரும் தயாராக இருப்பார்கள். அவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பேன். 1954இல் பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர், நிபுணர்களின் மதிப்பீட்டையும் வெறும் கணக்குச் சூத்திரத்தின் முடிவையும் ஒப்பிட்ட சுமார் இருபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சூத்திரம் நிபுணருக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றது. நிபுணர்கள் இதை இன்னமும் முழுக்க மன்னிக்கவில்லை. நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து, 1984இல் பட்ரீஷியா பென்னர் என்ற நர்ஸ், அனுபவமுள்ள நர்ஸுகள் சொன்ன நிகழ்ச்சிகளைச் சேகரித்துப் புத்தகமாக்கினார். புதியவருக்கு விதி வேண்டும். தேர்ந்தவர் நிலைமையை மொத்தமாகப் பார்த்துவிடுகிறார். விதியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அவருக்குச் சொல்ல வராது என்பது அவர் வாதம்.

இரண்டு பேரும் சொல்வதில் நிஜம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றையொன்று அடிக்க விடுவதால் பலனில்லை. எங்கே எது தோற்கிறது என்று பார்ப்பதே பயன்.

உள்ளுணர்வு தோற்கும் இடம் எனக்குத் தெரியும். முப்பது குழந்தைகளைப் பார்த்து முடித்த கண் முப்பத்தோராவது குழந்தையைப் பார்ப்பதில்லை. தாயின் பேச்சு, புடவை, தெரு, ஜாதி எல்லாம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பயந்து பேசுகிறவளின் குழந்தைக்கு ஒன்று, அலட்டிப் பேசுகிறவளின் குழந்தைக்கு ஒன்று என்று உள்ளுணர்வு வேறு வேறாக விழும். விழுகிறவருக்கே அது தெரியாது. இதற்கு மாற்று அந்த ஒரு நிமிடம்தான். பேங்க் குமாஸ்தாவின் குழந்தைக்கும் அறுபது விநாடி, களையெடுக்கப் போகிறவளின் குழந்தைக்கும் அறுபது விநாடி. விதியின் நியாயம் அதன் துல்லியத்தில் இருப்பதைவிட இந்தச் சமத்துவத்தில்தான் அதிகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

விதி தோற்கும் இடமும் தெரியும். அது இந்தக் கணத்தைப் பார்க்கிறது. 46 என்பது சாயங்காலம் ஐந்தேகால் மணியின் உண்மை. முந்தின நாள் அது 36ஆக இருந்து ஏறி வந்ததா, 52ஆக இருந்து இறங்கி வந்ததா என்பது அந்த எண்ணில் இல்லை.

நர்ஸ் செய்த காரியத்தின் சாமர்த்தியம் இங்கேதான். தன் சந்தேகத்தை நம்பி அவர் குழந்தையை உடனே நகரத்துக்கு அனுப்பவில்லை. தோன்றியபோதெல்லாம் அனுப்பினால், ஒரு தாய்க்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும்; அடுத்த முறை அவள் வரவே மாட்டாள். அங்கேயும் கூட்டம் நெரியும், நிஜமாக மூச்சுத் திணறும் குழந்தை வரிசையில் நிற்கும். விதியை நம்பிச் சந்தேகத்தைக் கழுவிவிடவும் இல்லை. மருந்து கொடுக்கவும் இல்லை. காலத்தை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டார். ஓர் இரவு கழித்து அதே விதியை, அதே அறுபது விநாடியை, இன்னொரு முறை குழந்தையின் மேல் வைத்துப் பார்க்கலாம் என்றார். உள்ளுணர்வு விதியை மீறவில்லை. விதியை எப்போது மறுபடி கூப்பிட வேண்டும் என்று சொல்லிற்று.

க.நா.சு.வின் ரசனைக்கும் செல்லப்பாவின் அலசலுக்கும் நடுவில் 'எழுத்து' காலத்திலிருந்து நாம் நடத்திவரும் வழக்கில் இதற்கு ஒரு பொருத்தம் உண்டு. முதல் வாசிப்பில் விழும் தீர்ப்பா, வரிவரியாக எடுத்துப் பார்த்துச் சேரும் தீர்ப்பா என்று கட்சி பிரிந்து நிற்கிறோம். சொல்லத் தெரியாத ஒரு உறுத்தல் வந்தால் அதைத் தீர்ப்பாக அச்சேற்றிவிடாமல், காலையில் இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம் என்று சொன்ன விமர்சகர் நம்மில் எத்தனை பேர்?

5

இப்போது என் 46க்கு வருகிறேன்.

நான் விதிகளை வெறுப்பவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். கவிதையில் இலக்கணம், விமர்சனத்தில் கோட்பாடு, வாழ்க்கையில் சாஸ்திரம் என்று எல்லாவற்றின் மேலும் எனக்கு ஒரு இளப்பம் இருந்தது. ஆனால் பகலெல்லாம் நான் செய்வது விதியின் பின்னால் நிற்பது. கௌண்டரில் கிழவி ஒருத்தியின் கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையென்றால், அவள்தான் அவள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், 'ரூல் இல்லைம்மா' என்று சொல்லித் தாளைத் திருப்பித் தள்ளுவேன். அந்த விதி கிழவியின் பணத்தைக் காப்பாற்றவும் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் அதைச் சொல்லும்போது காப்பாற்றிக்கொள்வது என்னை. நாளைக்கு யாராவது கேட்டால் நான் செய்தது சரி.

அன்று காலை என் மனைவியிடம் '46தானே' என்று சொன்னது அந்தக் குரல். ஒரு பொறுப்பிலிருந்து விடுபட எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய எண்ணை எடுத்துக்கொண்டேன். எண்ணைக் கொடுத்தவரே அதன் மேல் ஒரு சந்தேகத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். சந்தேகத்தைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன். '50க்குக் கீழே' என்பது நர்ஸுக்கு, இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு, இனிமேல் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். ஒரே விதி ஒருவரைக் குழந்தையின் பக்கம் திருப்புகிறது, இன்னொருவரைக் குழந்தையிடமிருந்து திருப்பிவிடுகிறது. ஆகவே விதி நல்லதா கெட்டதா என்பது அரைக் கேள்விதான். அதை எடுத்தவன் எதைப் பார்ப்பதற்காக எடுத்தான், எதைப் பார்க்காமலிருக்க எடுத்தான் என்று கேட்டால்தான் அது முழுசாகிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். நானே எழுப்பிப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு அன்று மத்தியானம் முடியாமல் போனதால்தானே நர்ஸ் சரி, நான் தவறு என்று ஆகிறது? எட்டு மாதக் குழந்தைகளின் சளி பெரும்பாலும் தானாகவே போய்விடும். போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. 'அந்த நர்ஸம்மா சும்மா பயமுறுத்தினாங்க' என்று ஒரு வாரம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். காலையில் கொண்டுபோயிருந்தாலும் எண்ணிக்கை 48ஆக இருந்திருக்கலாம். மறுபடி பச்சைக் கட்டத்தில் திரும்பி வந்திருக்கலாம். நான் போகாததால் கெட்டது என்று எதுவும் நிரூபணமாகவில்லை.

செயலின் ஒழுக்க மதிப்பை அதிர்ஷ்டம் நிர்ணயிக்க முடியுமா என்று 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுப்பிய கேள்வி இது. நான் அதற்கு முடிவு கண்டுவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு வழக்கில் எனக்குத் தெளிவாக இருக்கிறது. குழந்தை மறுநாள் காலை சிரித்துக்கொண்டு எழுந்திருந்தாலும் நர்ஸ் சொன்னது சரி. அதே குழந்தை சிரித்துக்கொண்டு எழுந்திருந்தாலும் நான் சொன்னது தவறு. தீர்மானத்தை அது எடுக்கப்பட்ட இடத்தில் வைத்து, அந்த நேரத்தில் என்ன தெரிந்தது, எதைத் தெரிந்துகொள்ள முயன்றோம், எதைத் தள்ளினோம் என்பதைக்கொண்டே எடைபோட வேண்டும். விளைவைக்கொண்டு எடைபோட்டால், பிழைத்த குழந்தைகளின் தகப்பன்மார் எல்லோரும் புத்திசாலிகள் ஆகிவிடுவோம்.

6

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் குழந்தையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் துணை நிலையத்துக்குப் போனேன். நன்றி சொல்லப் போனேனா, மன்னிப்புக் கேட்கப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் இரண்டையும் சொல்லவிடவில்லை. சட்டையைச் சுருட்டிவிட்டு எண்ணினார். '34' என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. பேங்க்காரர் வீட்டுக் குழந்தை என்பதால்தான் 'நாளைக்குக் கொண்டா' என்று கூடுதலாக ஒரு கவனிப்பா? சுற்றி வளைத்துக் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. மேஜை இழுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. அரசாங்க ரிஜிஸ்டரில் சேராதது. தேதி, குழந்தையின் பெயர், தெரு, எண்ணிக்கை. கடைசியில், அப்புறம் என்ன ஆயிற்று என்று ஓரிரு வார்த்தை. தெருப் பெயர்களைப் பார்த்தேன். எல்லாத் தெருவும் இருந்தது. காலனித் தெருக்கள் அதிகமாகவே இருந்தன. மறுநாள் கொண்டுவரச் சொல்லியும் வராத குழந்தைகளை, சாயங்காலம் வீட்டுச் சுற்றுக்குப் போகும்போது போய்ப் பார்ப்பாராம். என் பெண்ணின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்குள் என் மனைவியே ஓடிவிட்டாள்.

கடைசிப் பத்தியைப் படித்துக்கொண்டே போனேன். 'சரியாச்சு', 'சரியாச்சு', 'சரியாச்சு', 'சளிதான்', 'அனுப்பினேன்', 'சரியாச்சு'. பெரும்பாலும் 'சரியாச்சு'தான். அதாவது அவருடைய சந்தேகம் பெரும்பாலும் வீணாகியிருக்கிறது. அதைத் தன் கையாலேயே, ஒவ்வொரு முறையும், எழுதிவைத்திருக்கிறார்.

பென்னர் சொல்லும் தேர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வருஷங்கள் தாமாகத் தேர்ச்சியைத் தருவதில்லை. தனக்குத் தோன்றியதை எழுதி, அது என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்து, பிழையையும் அதே கையெழுத்தில் எழுதிவைப்பவருக்கே அது கூடுகிறது. இருபது வருஷம் விமர்சனம் எழுதியவர்களை எனக்குத் தெரியும். இன்ன கவிஞன் எழும்ப மாட்டான் என்று எழுதியவர், அவன் எழும்பியபோது தன் பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை. நானும் அவர்களில் ஒருவன்.

நோட்டில் பத்திகள் எல்லாம் அடிக்கோலால் கோடு போட்டுப் பிரித்திருந்தன. ஏன் வரச் சொன்னார் என்பதற்கு மட்டும் பத்தி இல்லை. 'காரணம் எழுத மாட்டீங்களா?' என்று கேட்டேன்.

'காரணம் தெரிஞ்சா ரிஜிஸ்டர்லயே எழுதிருவனே சார்' என்றார்.

நோட்டை வாங்கி இழுப்பில் வைத்தார். வெளியே திண்ணையில் இருமல் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்துகொண்டேன்.